வாசலில் வெப்பமானி, உள்ளே மூடிய ஜன்னல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தொற்றால் மூடிக் கிடந்த பணியிடங்களைத் திறப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் "தொழிலாளர்களுக்கு உரிய பயிற்சி அளிக்க வேண்டும்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு நகர்ந்துவிடுகிறது. அந்த 'உரிய' என்ற சொல்லுக்குள்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. நடப்பது என்ன? அறுபது பேரை ஏசி அறையில் அடைத்து உட்கார வைத்து, இடைவெளி விட்டு நிற்பது எப்படி என்று இருபது நிமிட வீடியோ காட்டுகிறார்கள். பிறகு பதிவேட்டில் கையெழுத்து. அதுவும் ஒரே பேனாவால். தொழிலகப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவர்கள் என்ற முறையில் எங்கள் குறை ஒன்றுதான்: ஆபத்து எங்கே அதிகமோ அங்கே பயிற்சி நேரம் செலவாவதில்லை.

கொரோனாவையே எடுத்துக்கொள்வோம். மேசையையும் கைப்பிடியையும் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு, பொதுவாக ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. காற்றோட்டமில்லாத, நெரிசலான அறைகளில் கிருமி ஒரு மீட்டரைத் தாண்டியும் காற்றில் பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் அதே மாத இறுதியில் எழுதியது. காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் நோயைப் பரப்பலாம். அவரை நெற்றி வெப்பமானி எப்படிப் பிடிக்கும்? வெயிலில் வரிசையில் நின்றவரைக் காய்ச்சல்காரர் ஆக்கும், வியர்த்த நெற்றிக்காரரை உள்ளே விடும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் அதற்குக் கொடுக்க வேண்டாம் என்கிறோம்.

அந்த நேரத்தைக் காற்றுக்குக் கொடுங்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை, உள்ளே இருப்பதையே சுழற்றிக் குளிர்விக்கிறது. இதைப் பயிற்சியில் சொன்னால் பாதிப்பேர் ஆச்சரியப்படுகிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாயிற்றே என்பார்கள். அதன் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் அந்த ஜன்னல் வழியாக வரும் காற்றையே ஃபேன் இழுத்து வெளியே தள்ளும். அறையின் மறுகோடி அப்படியே தேங்கி நிற்கும். ஃபேனுக்கு எதிர்ச்சுவரில்தான் திறப்பு வேண்டும். காற்று எவ்வளவு மாறுகிறது என்பதைக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் காட்டிக்கொடுக்கும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். ஆட்கள் நிறைந்த அறையில் 800-க்கு மேல் நின்றால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். மீட்டரை மூச்சு விடும் உயரத்தில், ஜன்னலிலிருந்தும் முகத்திலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும்; நாம் வெளிவிடும் மூச்சிலேயே சுமார் 40,000 பிபிஎம் இருக்கிறது. காற்றிலுள்ள நுண்துகளை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் ஓடும் அறையில் இந்த மீட்டரை மட்டும் நம்பக்கூடாது: ஃபில்டர் கிருமியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. உலை எரியும் கூடத்திலும் எண் பொய் சொல்லும், நெருப்பும் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. நோயாளி இருந்துபோன அறையில் மணிக்கு இரண்டு முறை மட்டும் காற்று மாறினால் 99 சதவீதக் கிருமித்துகள் நீங்க 138 நிமிடம் ஆகும். ஆறு முறை மாறினால் 46 நிமிடம் போதும். ஷிப்ட் மாறும் இடைவெளியை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முகக்கவசத்தைப் பயிற்சியாளர் போட்டுக்காட்டினால் போதாது, தொழிலாளர் ஒவ்வொருவரும் போட்டுக் காட்ட வேண்டும். என்95 வகையில் மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில். மூக்குக் கம்பியை ஒற்றைக் கையால் கிள்ளினால் நடுவில் மடிந்து இருபுறமும் சந்து விழும். இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும். இரு கைகளாலும் மூடி வேகமாக மூச்சு விட்டால் கண்ணோரம் காற்று அடிக்கக் கூடாது. தாடி இருந்தால் எந்தக் கம்பெனி கவசமும் அடைத்து நிற்காது. இன்னொன்றை எந்த வீடியோவும் சொல்வதில்லை: கவசத்தால் பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்தால், கிரைண்டிங் செய்பவர் கழற்றி வைப்பது கண்ணாடியைத்தான். கிருமிக்குத் தப்பி இரும்புத்தூளுக்குக் கண்ணைக் கொடுத்த கதையாகும். இரைச்சலில் பேசுவதற்காகக் கவசத்தை இறக்குவதும் அப்படியே; நிறுத்து, தூக்கு, இறக்கு என்பவற்றுக்குக் கைச்சைகையை முன்கூட்டியே பழக்க வேண்டும்.

பயிற்சிப் பட்டியலில் வழக்கமாக விடுபடுகிறவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். ரசாயனத்தைக் கையில் எடுப்பவர்கள் அவர்கள்தான். 5 சதவீத பிளீச்சிங் திரவம் என்றால் 980 மில்லி தண்ணீரில் 20 மில்லி, 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அழுக்கைச் சோப்பால் கழுவிய பிறகே தடவ வேண்டும், அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். குறைந்தது ஒரு நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். வெந்நீர் கூடாது, மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது. கழிவறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு, அம்மோனியா உள்ள கிளீனரோடு கலந்தால் குளோரமின். இரண்டுமே நுரையீரலைச் சுடும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை முதல் நாளே தடை செய்யுங்கள். ஆட்கள் மீது தெளிக்கும் சுரங்கப்பாதை வெறும் வேடிக்கை, கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

இவ்வளவும் கிருமி பற்றியது. ஆனால் திறந்த முதல் வாரத்தில் ஆளைக் கொல்லக்கூடியது கிருமியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மாதக்கணக்கில் தூங்கிய இயந்திரமாகவும் இருக்கலாம். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில், ஊரடங்கில் தேங்கிக் கிடந்த தொட்டியில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருள் சூடேறி, தானாகவே பாலிமராக (மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்ந்த பொருளாக) மாறத் தொடங்கி, வாயுவாகக் கசிந்தது. 12 பேர் இறந்தார்கள். ஸ்டைரீனைச் சேமிக்கும்போது பாலிமராகாமல் தடுக்க டிபிசி என்ற ரசாயனம் கலப்பார்கள். நாள் ஆக ஆக அது தீரும். உள்ளே இருக்கும் திரவத்தைச் சுழற்றிக் கலக்காமல் விட்டால் தொட்டியின் மேல்பகுதி சூடாகி, கீழே உள்ள வெப்பமானி குளிர்ச்சியையே காட்டும். திரும்ப வரும் ஆபரேட்டருக்குக் கைகழுவும் முறையை விளக்குகிறவர்கள் இதையும் கேட்க வேண்டும்: உன் தொட்டியில் இருப்பது எத்தனை நாள் சரக்கு, கடைசியாக எப்போது சோதித்தாய்?

மூடிக் கிடந்த இரும்புத் தொட்டிக்குள் துரு பிடிக்கும்போது ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். இயல்பு 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழ் இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. அளவிடும் கேஸ் டிடெக்டரை நீண்ட இடைவெளிக்குப் பின் சோதனை வாயு காட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு: சானிடைசர் காயாத கையோடு டிடெக்டரை இயக்கினால் ஆல்கஹால் ஆவி கார்பன் மோனாக்சைடு போலக் காட்டி அலாரம் அடிக்கும். இரண்டு முறை இப்படிப் பொய் அலாரம் அடித்தால் மூன்றாவது முறை யாரும் மதிக்க மாட்டார்கள். வெல்டிங், ஸ்விட்ச் போர்டு அருகேயும் கை காய்ந்த பிறகே வேலை, ஆல்கஹால் தீப்பற்றும்.

தேங்கிய குழாய்நீரில் 25 முதல் 45 டிகிரி வெப்பத்தில் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். ஷவர், கூலிங் டவர், அவசரக் கண் கழுவும் குழாய் எல்லாவற்றையும் ஆட்கள் வரும் முன்பே, திவலை தெறிக்காமல் ஓடவிட்டு வெளியேற்ற வேண்டும்.

உலைக்கூடத்திலும் வெயிலிலும் வேலை செய்பவர்கள் வெப்பத்துக்குப் பழகிய உடம்பை ஒரு வார விடுப்பிலேயே இழக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பழைய ஆள்தானே என்று முதல் நாளே முழு ஷிப்ட் போடுவது தவறு. முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 80 சதவீதம், நான்காம் நாள் முழுவதும். புதியவருக்கு முதல் நாள் 20 சதவீதத்தில் தொடங்கி நாளுக்கு 20 சதவீதம் கூட்ட வேண்டும். கவசத்தோடு வேலை என்றால் இடையில் காற்றோட்டமான இடத்தில் இளைப்பாறும் நேரமும் வேண்டும்.

எனவே கையெழுத்துப் பதிவேட்டை எங்களால் சான்றாக ஏற்க முடியவில்லை. பத்துப் பேருக்கு மிகாத குழு, திறந்தவெளியில்; ஒவ்வொருவரும் கவசத்தைப் போட்டுச் சோதித்து, கரைசலை அளந்து கலந்து, தன் இயந்திரத்தை நிறுத்தி, வேறு யாரும் இயக்க முடியாதபடி பூட்டிக் காட்டிய பிறகே பெயர் ஏற வேண்டும். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி பிடிக்கப்படாது என்ற உத்தரவும் ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் பொருந்தும்படி, மேலாளர் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். அது இல்லாத ஆலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருபவரை எந்த வெப்பமானியும் கண்டுபிடிக்காது.

இப்படிக்கு,
தொழிலகப் பாதுகாப்புப் பயிற்சியாளர்கள்