சுருண்டுகொள்வது நரம்பு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மருத்துவப் பக்கத்தில் 'நரம்புச் சுருட்டல்' கட்டுரை படித்தேன். உள்ளே சொன்ன விஷயமெல்லாம் சரி, தலைப்புதான் உறுத்துகிறது. காலில் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடப்பது நரம்பே இல்லை, ரத்தக் குழாய்.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. அம்மாவுக்குக் காலில் இது வந்தபோது, அக்கம்பக்கத்தில் எல்லோரும் நரம்புக் கோளாறு என்றதைக் கேட்டு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டோக்கன் 43. மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், அம்மா புடவையைக் கணுக்கால் தாண்டித் தூக்கியதுமே அவர் சிரித்துவிட்டார். "இது என் கேஸ் இல்லைம்மா, ரத்தநாள சர்ஜனைப் பாருங்க."

ஊசி போடும் நர்ஸே 'நரம்பு கிடைக்கலை' என்றுதான் சொல்கிறார், கோபம் வந்தால் நமக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். மருத்துவப் பக்கத்தில் வேண்டாமே. தமனி, சிரை என்று பள்ளியிலேயே படித்தோம்: இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, திருப்பிக் கொண்டுவருவது சிரை. காலிலிருந்து மேலேறும் ரத்தம் மறுபடி இறங்கிவிடாமல் சிரைக்குள் வால்வுகள் உண்டு, அவை பழுதானால் ரத்தம் தேங்கிக் குழாய் புடைக்கும், அதுதான் வெரிகோஸ். நரம்பின் வேலையே வேறு, மூளைக்கும் உடம்புக்கும் நடுவே தகவல் கொண்டுபோவது.

அதே பக்கத்தின் அடியில் ஒரு விளம்பரம்: கை நடுக்கம், மறதி, தூக்கமின்மை எல்லாமே 'நரம்புத் தளர்ச்சி'யாம்! நரம்பில் சக்தி தீர்ந்துபோகிறது என்ற இந்த எண்ணத்தை 1869-இல் 'நியூரஸ்தீனியா' என்று பெயர் வைத்துப் பரப்பியவர் ஜார்ஜ் பியர்டு என்ற அமெரிக்க மருத்துவர். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில் அது தனி நோயாகவே இல்லை. பயத்தில் கை நடுங்குவது அட்ரினலின் சுரப்பதால், அதாவது உடம்பு தளர்ந்து அல்ல, முறுக்கேறி. தைராய்டு அதிகம் சுரந்தாலும் நடுங்கும், பார்க்கின்சன் நோயிலும் நடுங்கும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே லேகியமா?

விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, பத்திரிகை நடத்தும் கஷ்டம் உங்களுக்கு. தலைப்பிலாவது 'சிரை' என்று போடுங்கள்.

அம்மா இப்போது முழங்கால் வரை இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறார். யாராவது கேட்டால் 'நரம்பு' என்றுதான் இன்னும் சொல்கிறார்.

— ஒரு வாசகி, திருச்சி