பிள்ளையைத் திட்டுமுன் கிணற்றை விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் எட்டு வயது மகளுக்குப் பால்பற்கள் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அவை விழுந்து முளைத்த முன்பற்கள்தான் சுண்ணாம்புத் திட்டுகளோடும், இடையிடையே தேயிலைச் சாயம் பிடித்தாற்போலக் கோடுகளோடும் வந்தன. அம்மம்மா உமிக்கரியை எடுத்துக்கொண்டார். நான் அதற்கும் மேலே போய், பல்லை வெள்ளையாக்குமாம் என்று விலை கூடிய பற்பசை வாங்கினேன். பாடசாலையில் வகுப்பில் வைத்தே "பல் தீட்டுறதில்லையா புள்ள?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு நேரமும் தீட்டுகிற பிள்ளை அது.

பல் வைத்தியர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தாள்?" அவளுக்கு ஐந்து வயதாகும்வரை அம்பாறை மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து தள்ளி, கணவரின் காணியில் இருந்தோம். குடிக்க, சமைக்க, பால்மா கரைக்க எல்லாவற்றுக்கும் ஆழமான குழாய்க்கிணறுதான். அப்பகுதிகளில் பாறைக்கடியிலிருந்து வரும் நீரில் புளோரைட்டு என்ற தாது உப்பு கூடுதலாக இருப்பது புதிய செய்தியும் அல்ல; பல் உருவாகும் வயதில் அது அளவுக்கு மிஞ்சினால் பல்லில் இப்படிக் கறை விழும். நம் இலங்கைத் தரப்படி குடிநீரில் லீட்டருக்கு 1 மில்லிகிராம்தான் எல்லை; உலக சுகாதார நிறுவனம் 1.5 வரை விடுகிறது. வெயிலில் நாம் குடிக்கும் தண்ணீரின் அளவுக்கு நம் கணக்குத்தான் பொருத்தம். நிரந்தர முன்பற்கள் தாடைக்குள்ளே உருவாகும் காலம் பிறப்பிலிருந்து நான்கு, ஐந்து வயதுவரை. அப்போது விழுந்த கறை, பல் வெளியே வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. உமிக்கரி போட்டுத் தேய்த்தால் பல்லின் மேற்படையான எனாமல் தேயும், கறை போகாது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். புளோரைட்டு ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். மழைநீரோ, ஆர்.ஓ. எனப்படும் நுண்சவ்வு வடிகட்டல் முறையில் சுத்திகரித்த நீரோதான் வழி. மூன்று வயது மகனுக்கு இப்போது அப்படித்தான். பற்பசையும் பட்டாணி அளவுக்கு மேல் இல்லை, விழுங்காமல் துப்பப் பழக்கியிருக்கிறேன். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஓர் அரிசி அளவே போதுமாம்.

எல்லாக் கறைக்கும் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லவில்லை. இரும்புச்சத்துப் பாணி குடித்தால் வரும் கறுப்பு மேலோட்டமானது. விழுந்து அடிபட்ட பல் சாம்பல் நிறமாகும். இரவில் பால்போத்தலோடு தூங்கும் குழந்தையின் மேற்பல் பழுப்பானால் அது சூத்தை, உடனே காட்ட வேண்டும். எது எதுவென்று கடையில் பற்பசை வாங்கிக் கண்டுபிடிக்க முடியாது. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். மகளின் கறையையும் பல் முழுதாக வளர்ந்தபின் சிகிச்சையாக மேற்பரப்பை மெல்லத் தேய்த்தோ, பல்நிறப் பசை வைத்தோ மறைக்கலாம் என்றிருக்கிறார் வைத்தியர். அவசரம் இல்லையாம்.

அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான். புதிதாகக் குழாய்க்கிணறு அடிக்கும்போது தண்ணீர் வந்ததா என்று மட்டும் பார்க்காமல், புளோரைட்டு எவ்வளவு என்று பரிசோதித்து, அந்த எண்ணைக் கிணற்றுக் கட்டிலேயே எழுதி வையுங்கள். பால்மா கரைக்கிற தாய் அதைப் படித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
அம்பாறை மாவட்டம்.