படைப்புழு: மருந்து குருத்துக்குள் இறங்க வேண்டும்

ஐயா,

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. குருத்தைப் பிரித்தால் ஈர மரத்தூள் போல எச்சம். அதற்கு அடியில் படைப்புழு. தலையில் தலைகீழ் 'ஒய்' குறி, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் புழுவை 2018-ல் கர்நாடகத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டே இங்கும் வந்து எங்கள் காட்டில் பாதியைத் தின்றது.

வளர்ந்த புழு எச்சத்தையே மூடியாக வைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். மேலாக அடிக்கும் மருந்து அதைத் தொடவே தொடாது. போன வருஷம் கடையில் மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன், பணம்தான் போனது. விதைத்த 15-20 நாளில், புழு சின்னதாக இருக்கும்போதே, சாயங்காலம் குருத்துக்குள் இறங்கும்படி தெளித்தால்தான் கேட்கிறது. கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு, வரப்போரம் தட்டைப்பயறு, அப்புறம் ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி. இவையும் உதவுகின்றன.

ஆனால் பொறி எங்கள் ஊருக்கு வருவதற்குள் பயிர் பூத்துவிடுகிறது. வேளாண்மைத் துறை அதை விதைப்புக்கு முன்பே கொடுக்கட்டும். முதல் இருபது நாளுக்குள் யாராவது வயலுக்கு வந்து குருத்தைப் பிரித்துக் காட்டட்டும்.

- மக்காச்சோள விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்