மழைக்காக ஆல் வீல் டிரைவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குவது குறித்து உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, நம் ஊர் மழைக்கு ஆல் வீல் டிரைவ்தான் பாதுகாப்பு என்கிறது. பாதிதான் சரி. நான்கு சக்கரத்துக்கும் விசை போனால் வண்டி வழுக்காமல் கிளம்பும். நிற்பதற்கு அது உதவாது. பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் தேங்கிய நீரில் தேய்ந்த டயர் மிதந்துவிட்டால் ஆல் வீல் டிரைவும் இரு சக்கர இயக்கமும் ஒன்றே. புது டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ.; சட்டம் 1.6 வரை விட்டாலும், 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுவதே மழைக்காலத்துக்கு நல்லது.

முடிவு செய்ய வேண்டியது இன்ஜினின் இழுவிசையை வைத்து. சென்னைக்கு அருகே பிஎம்டபிள்யூ ஆலையில் தயாராகும் 3 சீரிஸ் கார்களையே பாருங்கள். 330எல்ஐ, 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர், பின்சக்கர இயக்கம். நல்ல டயரும் அணைக்காத டிராக்‌ஷன் கன்ட்ரோலும் (சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அன்றாடம் அலுவலகம் போய்வர அது தாராளம். எக்ஸ்டிரைவ் என்ற பிஎம்டபிள்யூவின் ஆல் வீல் டிரைவ் கொண்ட எம்340ஐயோ 374 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். அதையெல்லாம் பின்டயர் இரண்டு மட்டும் ஈரத்தில் தாங்காது. அங்கே ஆல் வீல் டிரைவ் ஆடம்பரமில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மழையில் ஏறும்போதும், சேறான கல்யாண மண்டபப் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்போதும் வித்தியாசம் தெரியும். சென்னை நெரிசலில் தெரியாது.

கட்டுரை தொடாத விஷயம் பராமரிப்பு. எக்ஸ்டிரைவில் கியர்பாக்ஸுக்குப் பின்னால், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறது. அதிலுள்ள கிளட்ச் தட்டுகள் தேவைக்கேற்ப இறுகி முன்சக்கரத்துக்கு விசை அனுப்பும். முன், பின் டயர்களின் சுற்றளவு சுமார் 1 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்தத் தட்டுகள் ஓயாமல் உரசிச் சூடாகும். 225/40 ஆர்19 அளவு டயர் முன்னாலும் 255/35 ஆர்19 பின்னாலும் உள்ள வண்டியில் விட்டம் இரண்டும் ஏறக்குறைய 662 மி.மீ. பின்ஜோடி மட்டும் 4 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 8 மி.மீ. குறையும், வரம்பு அங்கேயே தாண்டிவிடும். ஆகவே பஞ்சரான ஒரு டயரை மட்டும் மாற்றுவதும், கடைக்காரர் கையிலிருக்கும் வேறு பிராண்டைப் போடுவதும் வேண்டாம். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாகத் திரும்பும்போதோ, 40–60 கி.மீ. வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டர் தரும்போதோ வண்டி உதறினால், முதலில் டயர்களை அளந்து பாருங்கள். அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை மாற்றி, ஸ்கேனரில் கிளட்ச் அளவை மீட்டமைக்க வேண்டும். 'ஆயுள் முழுக்கப் போதும்' என்று சொல்லப்படும் எண்ணெய்தான். ஆனால் நம் வெயிலிலும் நெரிசலிலும் 80,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுவது மலிவு. தேவைப்படுவது கொஞ்சம் எண்ணெய்தான், பழுதானால் மாற்றவேண்டியது முழு யூனிட்.

இன்னொன்று, முன் ஆக்ஸில் தண்டு, இன்ஜின் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப் வழியாகவே போகிறது. அதனால் சம்பின் விளிம்பை அடைக்கும் கேஸ்கெட் கசிந்தால் பின்சக்கர வண்டியைவிடக் கூலி நிறைய ஆகும்.

வழியில் வண்டி நின்றுபோனால், முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுக்கும் கிரேனை விடவே கூடாது. சுழலும் பின்சக்கரங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கெடுத்துவிடும். பின்சக்கர ஆட்டோமேட்டிக்குக்கும் அது ஆகாது என்றாலும், பின்பக்கத்தைத் தூக்கி இழுத்துச் சமாளிக்கலாம். ஆல் வீல் டிரைவுக்கு நான்கு சக்கரமும் ஏறும் பிளாட்பெட் மட்டுமே வழி. இன்சூரன்ஸ் எடுக்கும்போதே அதற்கு வசதி உண்டா என்று கேட்டு வாங்கச் சொல்லி அடுத்த கட்டுரையில் ஒரு வரி சேர்த்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செங்கல்பட்டு