இந்த வருஷம் பணம் குறைவாகத்தான் வரும்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சிங்கப்பூரில் நான் நலம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ போன் எடுத்தால் பக்கத்தில் அப்பா இருப்பார், பாதிப் பேச்சில் வாங்கி "எப்ப வர்ற" என்று ஆரம்பிப்பார், அப்புறம் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். அதனால்தான் எழுதி வாட்ஸ்அப்பில் போடுகிறேன். முதலில் நீ மட்டும் படி.

விஷயம் இதுதான். தை மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு வீட்டுக்கு அனுப்புகிற பணம் ஏறக்குறைய பாதியாகும். வேலை போகவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை, சீட்டில் எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. சேஃப்டி, அதாவது வேலையிடப் பாதுகாப்புப் படிப்பில் சேரப் போகிறேன். கோஆர்டினேட்டர் வேலைக்கான சான்றிதழ் முதலில், அது முடிந்தால் ஆபீசர் வேலைக்கான டிப்ளமோ. "இந்த வயசுல என்னடா படிப்பு, அதான் பாலிடெக்னிக் முடிச்சியே" என்று அம்மா கேட்பாள். நீ பதில் சொல்ல வேண்டுமே, அதற்காகத்தான் இங்கே கணக்கு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

நம்ம ஊரில் சிங்கப்பூர் என்றால் எல்லாருக்கும் ஒரே திட்டம்தான். போகணும், ஏஜென்ட் கடனை அடைக்கணும், வீட்டுக்கு ஒட்டுக் கட்டிடம் போடணும், தங்கச்சி கல்யாணத்தை முடிக்கணும், வந்துடணும். இதில் எல்லாமே வீட்டுத் தேவைதான், வேலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. நானும் அதே திட்டத்தோடுதான் திருச்சியில் விமானம் ஏறினேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, கடன் அடைந்தது. ஆனால் இந்த டார்மிட்டரியில் என் ரூமிலேயே அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார், வேலையில் கெட்டிக்காரர், கம்பி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வந்த நாளில் செய்த அதே வேலையைத்தான் இன்றும் செய்கிறார். சம்பளம் ஏறியிருக்கிறது, ஆனால் விலைவாசி ஏறிய அளவுக்குத்தான்.

இங்கே ஒர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலைக்கு வந்த நம்மைப் போன்ற ஆட்களை ஆர் டூ, ஆர் ஒன் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஊரில் ஸ்கில் டெஸ்ட் அடித்துவிட்டு வருகிறோமே, அது ஆர் டூ. அதற்கு மேலே போனால் ஆர் ஒன். ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி அரசாங்கத்துக்கு மாதாமாதம் லெவி என்று ஒரு கட்டணம் கட்ட வேண்டும், அதை நம்ம சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். 2024 ஜனவரியிலிருந்து கட்டுமான வேலையில் ஆர் டூ ஆளுக்கு மாதம் 900 வெள்ளி (இந்த ஊர் டாலரை வெள்ளி என்போம்), ஆர் ஒன் ஆளுக்கு 500 வெள்ளி. மாதம் 400, வருஷத்துக்கு 4,800 வெள்ளி ஒரே ஆளில் முதலாளிக்கு மிச்சம். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம் புரிந்தது அக்கா. நான்கு வருஷ அனுபவம் முடிந்ததும் இரண்டாவது வேலைக்கும் சான்றிதழ் எடுத்து ஆர் ஒன் ஆனேனே, அதற்கு முன்னால் பழைய கம்பெனியில் சம்பளம் கூட்டிக் கேட்டால் "பார்க்கலாம் பார்க்கலாம்" என்றே ஓட்டினார்கள். டெஸ்ட் எழுத லீவு கொடுங்கள், லெவியில் உங்களுக்கு இவ்வளவு குறையும், அதில் எனக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டபோது அதே வாரம் பேச்சு முடிந்தது. நல்லா உழைத்தால் மேலே வரலாம் என்று அப்பா சொல்வார். உழைக்கத்தான் வேண்டும், ஆனால் நாம் மேலே போவதில் முதலாளிக்கு எங்கே லாபம் என்று கண்டுபிடித்துச் சொல்லவும் வேண்டும், இல்லாவிட்டால் நம்ம உழைப்பு அவர் கண்ணில் படாது.

இன்னொன்று. முன்பெல்லாம் ஆர் டூ ஆள் 14 வருஷத்துக்கு மேல் இங்கே வேலை பார்க்க முடியாது, ஆர் ஒன் என்றால் 26 வருஷம். அந்தப் பயத்திலேயே பல பேர் டெஸ்ட் எழுதினார்கள். 2025 ஜூலையிலிருந்து அந்த வருஷக் கணக்கையே எடுத்துவிட்டார்கள், 63 வயது வரைக்கும் இருக்கலாம். எல்லாருக்கும் சந்தோஷம், நம்ம ஆட்கள் கூடுகிற தேக்காவில் அன்றைக்கு இதே பேச்சுதான். எனக்கு மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. கெடு வைத்துத் துரத்த ஆள் இருந்தவரை ஓடினோம், இனி இதே கட்டிலில் இதே சம்பளத்தில் 63 வரை யாரும் நம்மை எழுப்ப மாட்டார்கள். அதனால் கெடுவை நானே வைத்துக்கொண்டேன். 35 வயதுக்குள் சேஃப்டி ஆபீசர்.

ஏன் சேஃப்டி என்று கேட்பாய். ஃபோர்மேன் ஆகலாம்தான், ஆனால் ஃபோர்மேனை வைத்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் முதலாளி இஷ்டம். சேஃப்டி ஆள் அப்படி இல்லை. ஒரு கோடி வெள்ளியும் அதற்கு மேலும் ஒப்பந்தமுள்ள சைட்டில் சேஃப்டி ஆபீசர் இருந்தே ஆக வேண்டும், அதற்குக் கீழே என்றால் கோஆர்டினேட்டர் வேண்டும், சட்டமே அப்படி. ஆபீசர் ஆக டிப்ளமோவும் இரண்டு வருஷ அனுபவமும் வேண்டும், மனிதவள அமைச்சில் பதிந்துகொள்ள வேண்டும். என்ன படிக்கணும், எத்தனை வருஷம் ஆகணும் என்று யாரோ ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிற வேலை இது, அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக முடித்தால் போதும். பெரிய ஆளாகணும் என்று பொத்தாம்பொதுவாக நினைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. யூடியூபில் லட்சியம் லட்சியம் என்று கத்துகிறார்களே, உன் பெரியவன்கூட கேட்டுக்கொண்டிருப்பான், அதில் ஒருவராவது எந்த ஆபீசில் என்ன ஃபாரம் வாங்கணும் என்று சொல்லியிருப்பார்களா?

இந்த எண்ணம் வந்தது டெங்கா என்ற இடத்தில், வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீடுகள் கட்டுகிற சைட்டில். நான் அப்போது ரிக்கர், அதாவது கிரேனில் தூக்குகிற சாமானுக்கு ஸ்லிங் என்கிற பளு தூக்கும் கயிறு மாட்டுகிற ஆள். டிசம்பர் மழை, வேலை பின்தங்கியிருந்தது, எல்லாருக்கும் அவசரம். இரண்டு டன் சுவர் பேனல் ஒன்றைத் தூக்க, நீளமான ஸ்லிங் கிடைக்காமல் புதுப் பையன் குட்டையான இரண்டை மாட்டிவிட்டான். ஒவ்வொன்றிலும் ஒன்றரை டன் தாங்கும் என்று டேக் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மூன்று டன், பேனல் இரண்டுதானே என்பது அவன் கணக்கு. ஸ்லிங் நேராகத் தொங்கினால் அது சரிதான். சாய்ந்தால் கதை வேறு. பேனலுக்கும் ஸ்லிங்குக்கும் நடுவில் 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றும் 1.15 டன் இழுக்கும், 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றும் முழுசாக இரண்டு டன் இழுக்கும். அன்றைக்கு 30தான் இருக்கும். நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன், கிரேன்காரர் மேலேயிருந்து வாக்கி டாக்கியில் சீனத்தில் திட்டினார், சைட் இன்ஜினியர் ஓடி வந்தார். சேஃப்டி ஆபீசரும் வந்தார். அவரிடம் தரையில் கிடந்த பிளைவுட்டில் முக்கோணம் போட்டுக் காட்டினேன், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்ஸ் வகுப்பில் போட்ட அதே முக்கோணம்தான். பார்த்துவிட்டு, "டிப்ளமோவா? இங்க ஏன் நிக்கிற?" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஸ்லிங்கை மாற்ற அரை மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் லிஃப்டிங் சூப்பர்வைசர் கோர்ஸ் முடித்தேன், இப்போது அந்த வேலைதான் பார்க்கிறேன்.

படிப்பது சுலபம் என்று சொல்ல மாட்டேன். வகுப்பு சாயங்காலம் ஏழிலிருந்து பத்து. சைட்டிலிருந்து நேராகப் போகணும், குளிக்க நேரம் இருக்காது, ஹெல்மெட் போட்டு அமுங்கிய தலையோடு ஏசி ரூமில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். லாரி காத்திருக்காது, பத்து மணிக்கு மேல் நானே எம்ஆர்டி ரயில் பிடித்து, பஸ் மாறி டார்மிட்டரிக்கு வந்தால், கேட்டரிங் சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கும். ஓவர்டைம் காசும் போகும், பணம் குறைவதற்கு அது பாதிக் காரணம். மீதி ஃபீஸ். இந்த ஊர்க்காரர்களுக்கும் பிஆர் என்கிற நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கம் பாதியோ அதற்கு மேலோ கட்டிவிடும், நமக்கு அது கிடையாது, முழுசும் கைக்காசு. பாடமெல்லாம் ஆங்கிலம். முதல் சேஃப்டி கோர்ஸைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார்கள், மேலே போகப் போகத் தமிழ் கிடையாது. சேருவதற்கே ஒரு ஆங்கிலப் பரீட்சை இருந்தது, அதற்காகத்தான் மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் சீக்கிரம் முடிந்தது. அம்மாவிடம் சொல்லாதே, எனக்கு அவள்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

படித்து முடித்தாலும் உடனே எஸ் பாஸ், அதாவது ஒர்க் பெர்மிட்டுக்கு அடுத்த படி வேலை அனுமதி, கையில் வந்துவிடாது, அதையும் தெரிந்துகொள். 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸுக்குச் சம்பளமே 3,300 வெள்ளிக்குக் குறையக் கூடாது, வயது கூடினால் அதுவும் கூடும். கட்டுமானக் கம்பெனி என்றால் மொத்த ஆட்களில் 15 சதவீதத்துக்கு மேல் எஸ் பாஸ் ஆட்களை வைத்துக்கொள்ளவும் முடியாது. எங்கள் கம்பெனியில் அந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது, கேட்டுப் பார்த்தேன். ஆனால் பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாளுக்குள் வேறு கட்டுமான முதலாளி கிடைத்தால், இப்போதைய முதலாளி சம்மதம் இல்லாமலே மாறலாம். அந்த நேரம் வரும்போது சான்றிதழ் கையில் இருக்கணும், நாலு கம்பெனிக்குப் பயோடேட்டா போயிருக்கணும். அதற்காகத்தான் தையிலேயே ஆரம்பிக்கிறேன்.

கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண் வீட்டில் இதையும் சொல்லிவிடுங்கள். எஸ் பாஸ் வந்தாலும் மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வந்தால்தான் மனைவியைக் கூட்டிவர முடியும். சிங்கப்பூர் மாப்பிள்ளை என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம்.

பெரியவன் விஷயம். ஏஜென்ட் வந்து பேசினார், பன்னிரண்டாவது முடித்ததும் அனுப்பலாம் என்று மச்சான் யோசிக்கிறார் என்றாய். வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு டிப்ளமோவாவது முடித்துவிட்டு வரட்டும். டிப்ளமோக்காரனும் இங்கே முதலில் கம்பிதான் தூக்குவான், நானும் தூக்கினேன், ஆனால் பிறகு ஏறப் போகும்போது அந்தக் காகிதம்தான் கேட்பார்கள். ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருக்கிற பணம் பாலிடெக்னிக் ஃபீஸுக்கு மூன்று வருஷம் வரும், மச்சானிடம் கணக்குப் போட்டுக் காட்டு.

எனக்கு ஒரு உதவி. பீரோவின் கீழ்த்தட்டில் பச்சை ஃபைலில் என் டிப்ளமோ சர்டிபிகேட்டும் ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டும் இருக்கும். போட்டோ வேண்டாம், கடையில் கொடுத்து நல்லா ஸ்கேன் எடுத்து இந்த வாரமே அனுப்பு. அப்பாவிடம் பேசும்போது உன் நகைக்கடன் வட்டியை நான் தனியாகக் கட்டுகிறேன், அதில் ஒரு பைசா குறையாது என்று முதலில் சொல். கோர்ஸ் விஷயத்தை அவர் சாப்பிட்ட பிறகு எடு.

அன்புடன்,
தம்பி