லைப்ரரி அக்காவுக்கும் கக்குக்கும் மனசார நன்றி

எல்லாருக்கும் வணக்கம். என் மாஸ்டர்ஸ் தீசிஸ் பாஸ் ஆயிடுச்சு, வாழ்த்து சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆனா இந்த மடல் முக்கியமா கோலாலம்பூர்ல ஒரு மெடிக்கல் லைப்ரரில லைப்ரேரியனா வேலை செய்ற நம்ம அக்காவுக்கும் அவங்க பக்கத்து டேபிள் மலாய் கக்குக்கும் (மலாய்ல கக்னா அக்கா) தான்.

நான் நர்ஸ், சக்கரை வியாதிக்காரங்களோட தான் தினமும் வேலை. 2019 ஹெல்த் சர்வேல நம்ம மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு சக்கரை, அதுலயும் நம்ம இந்தியர்களுக்குத் தான் ரொம்ப அதிகம். கால் புண்ணு முத்திப் போய் விரல எடுக்குறது, பாதத்தையே எடுக்குறதுன்னு பாத்துப் பாத்து மனசு கேக்காம தான், நர்ஸ் காலைப் பாத்துக்க சொல்லிக்குடுத்தா புண்ணு உண்மையிலயே குறையுதான்னு சிஸ்டமேட்டிக் ரிவியூ, அதாவது இதைப் பத்தி வந்த ஆராய்ச்சிப் பேப்பரையெல்லாம் முறையா தேடி அலசுறது, பண்ணலாம்னு இறங்கினேன்.

நிறைய பேர் கேக்குறாங்க, எல்லாம் போன்லயே கிடைக்குதே இன்னும் லைப்ரேரியன் எதுக்குன்னு. எனக்கு அதைக் கேட்டா கோவம் வருது. 1879ல ஆரம்பிச்ச இண்டெக்ஸ் மெடிக்கஸ்னு மருத்துவப் பேப்பர்களோட பட்டியல் தடி தடியா வால்யூமா இருக்கும், அதைப் புரட்டித் தான் ஒரு காலத்துல பேப்பர் தேடுனாங்க. 1971ல அந்தப் பட்டியலை கம்ப்யூட்டர்ல தேடுற மெட்லைன் வந்துச்சு, 1997ல அதை இண்டர்நெட்ல தேடுற பப்மெட் எல்லாருக்கும் இலவசம் ஆச்சு, இப்ப அதுல 35 மில்லியனுக்கு மேல ரெக்கார்ட் கிடக்கு. இவ்வளவு குவிஞ்ச பிறகு தான் தேடத் தெரிஞ்ச ஆள் ரொம்பத் தேவை.

அக்கா என்னை ஸ்கிரீன் முன்னாடி உக்கார வச்சு மெஷ்ல, அதாவது பப்மெட்ல பேப்பர்களுக்குப் போடுற தலைப்புப் பட்டியல்ல, டயாபெட்டிக் ஃபுட்னு (சக்கரையால கெட்டுப்போற பாதம்) ஒரு தலைப்பைக் காட்டுனாங்க. அது ஒரு பக்கம் ஃபுட் அல்சருக்குக் (கால் புண்ணு) கீழயும் இன்னொரு பக்கம் சக்கரையால வர்ற ரத்தக்குழாய் வியாதிக்குக் கீழயும் இருக்கு. இது மட்டும் போதாதும்மா, புதுசா ஏத்துன பேப்பருக்கு மெஷ் இன்னும் போட்டிருக்க மாட்டாங்க, சிலதுக்கு கடைசி வரைக்கும் இருக்காது, அதனால ஆத்தர்ஸ் டைட்டில்ல எழுதுற வார்த்தைங்களையும் சேக்கணும்னு சொல்லி அல்சருக்குப் பின்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டாங்க, அல்சர்ஸ், அல்சரேஷன் எல்லாம் சேந்து வந்துச்சு. அப்புறம் ஒரே அர்த்தம் உள்ளதையெல்லாம் ஆர் (OR, எது இருந்தாலும் வரும்) போட்டு பிராக்கெட்டுக்குள்ள அடைச்சு, கால் புண்ணையும் பயிற்சியையும் ஆண்ட் (AND, ரெண்டும் இருந்தா தான் வரும்) போட்டு கோத்தாங்க. அதே தேடலை எம்பேஸ்ங்கிற இன்னொரு டேட்டாபேஸுக்கு அப்படியே காப்பி பண்ண முடியாது, அங்க தலைப்பு வரிசையே வேற, அதையும் பொறுமையா உக்காந்து மாத்திக் குடுத்தாங்க. இந்த மாதிரி ரிவியூவை எப்படி எழுதணும்னு சொல்ற பிரிஸ்மா 2020 வழிகாட்டி படி எல்லா டேட்டாபேஸ்ல தேடுன முழுத் தேடலையும் ஃபில்டர் வரைக்கும் ரிப்போர்ட்ல போடணும், என்னோட தீசிஸ் பின்னிணைப்பு அவ்வளவும் அவங்க உழைப்பு.

கக், உங்களை மறப்பேனா. இப்ப ஏஐ கிட்ட ரெஃபரன்ஸ் கேட்டா உண்மையான ஜர்னல் பேரைப் போட்டு இல்லாத பேப்பரைக் குடுத்துடுது, அந்த மாதிரி லிஸ்ட்டைத் தூக்கிட்டு வர்ற ஸ்டூடண்ட்ஸ திட்டாம, பேப்பருக்குன்னு இருக்குற டிஓஐ நம்பரை ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து எது நிஜம்னு காட்டிக் குடுக்குறீங்க. ரெண்டு தடவை வந்த பேப்பரை நீக்குறதும், ரெஃபரன்ஸை அடுக்கி வைக்கிற எண்ட்நோட் சாஃப்ட்வேரும் எனக்கு நீங்க சொல்லிக்குடுத்தது தான்.

1971லயே அமெரிக்காவுல கான்சஸ் சிட்டில கெர்ட்ரூட் லாம்னு ஒரு அம்மா லைப்ரேரியன்களை டாக்டருங்களோட வார்டு ரவுண்ட்ஸுக்கே அனுப்பி வச்சாங்களாம், அக்கா தான் சொன்னாங்க. இங்கயும் எல்லா ஆஸ்பத்திரிலயும் அப்படி ஒருத்தர் வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. மலாயா பல்கலைக்கழக (யூஎம்) மெடிக்கல் லைப்ரரிக்கு அங்க மருத்துவப் பிரிவுல முதல் டீனா இருந்த டான் ஸ்ரீ டி.ஜே. தனராஜ் பேரைத் தான் வச்சிருக்காங்க, நம்ம பிள்ளைங்க இந்த வேலைக்குப் படிக்க வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

ஷிஃப்ட் மாத்திக் குடுத்த வார்டு சிஸ்டருக்கும், பிள்ளைங்கள பாத்துக்கிட்ட மாமிக்கும், ராத்திரி கேட் வரைக்கும் வந்து விட்ட செக்யூரிட்டி கார்டு அண்ணனுக்கும் நன்றி.

அக்கா, சூப்பர்வைசர் கிட்ட பேசிட்டேன். ஜர்னலுக்கு அனுப்பும்போது உங்க பேரும் ஆத்தர் லிஸ்ட்ல வரணும்னு அவங்களும் சொல்லிட்டாங்க. டிராஃப்ட் அனுப்பி வைக்கிறேன், மெத்தட்ஸ் பகுதியை நீங்க தான் பாத்துத் திருத்தணும், ப்ளீஸ் வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.