இ.ஆர்.ஜி. எடுக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கண்ணுக்குள் கரண்ட் வைப்பார்களாமே என்று பயந்துபோய் எழுதியிருக்கிறாய். யார் கிளப்பிவிட்ட கதை இது? வெளிச்சம் பட்டதும் விழித்திரை தானாகவே எழுப்பும் மின்துடிப்பைப் பதிவு செய்வதுதான் இ.ஆர்.ஜி. (எலெக்ட்ரோரெட்டினோகிராம்). இதயத்துக்கு இ.சி.ஜி. எடுப்பதைப் போலத்தான். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஹோல்ம்கிரென் 1865-லேயே தவளையின் கண்ணில் இதைக் கண்டுவிட்டார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, பிறகு எதற்கு என்கிறாய். ஸ்கேன் விழித்திரையின் அமைப்பைக் காட்டும்; அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. இருட்டில் தடுமாறுகிற உனக்கு இரண்டாவதுதானே தெரிய வேண்டும்?

கண்பாப்பாவை விரிக்க மருந்து விட்டு, 20 நிமிடம் இருட்டில் உட்கார வைப்பார்கள். பிறகு மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், கீழ் இமையோரம் மின்துடிப்பை வாங்கும் மெல்லிய இழை ஒன்றை வைப்பார்கள். கொஞ்சம் உறுத்தும். முதலில் விளக்கின் மங்கலான மின்னல் வரும்; அதற்கு, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் மட்டுமே பதில் சொல்லும். அடுத்தது பளிச்சென்ற மின்னல். அதற்குத் திரையில் கோடு முதலில் கீழே இறங்கும். அது ஒளியை வாங்கும் செல்களின் பதில். உடனே மேலே எழும்பும். அது அவற்றுக்கு அடுத்த அடுக்கின் பதில். இத்தனை ஆண்டுகள் அந்த அறையில் வேலை பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி அது. இறக்கம் நன்றாக இருந்து ஏற்றம் மட்டும் படுத்துவிட்டால், கோளாறு அடுத்த அடுக்கில் என்று ஊகிக்கலாம். பிறவியிலேயே வந்து, மேலும் முற்றாமல் நிற்கும் மாலைக்கண்ணில் பல நேரம் இப்படித்தான் இருக்கும். வரவர முற்றுகிற ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோயில் குச்சி செல்களின் பதில் ஆரம்பத்திலேயே குறைந்துவிடும். இரண்டிலும் தொல்லை ஒன்றுதான், ஆனால் போகும் வழி வேறு. மருத்துவர் அவசரப்படுத்துவது அதனால்தான்.

கடைசியில் 10 நிமிடம் வெளிச்சத்துக்குப் பழக்கிவிட்டு, நொடிக்கு 30 தடவை மின்னும் விளக்கைக் காட்டுவார்கள். அந்த வேகத்துக்கு, பகல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்களால்தான் ஈடுகொடுக்க முடியும்.

பல்லைக் கடிக்காதே. அளப்பது மைக்ரோவோல்ட் கணக்கில், அதாவது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கணக்கில் என்பதால் தாடைத் தசை இறுகினாலே கோடு கலைந்துவிடும். சோதனைக்குச் சற்று முன்பு ஃபிளாஷ் போட்டுக் கண்ணைப் படமெடுக்க விடாதே. இருட்டறையில் போனை எடுக்காதே. எடுத்தவர்களை நான் மறுபடி முதலிலிருந்து உட்கார வைத்திருக்கிறேன்!

முடிவின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள். பிறகு எடுப்பதை இதோடு ஒப்பிட்டால்தான் கூடியதா குறைந்ததா என்று தெரியும்; அதனால் முடிந்தவரை அதே ஆய்வகத்துக்கே போ. திரும்பும்போது கண் கூசும். வண்டி ஓட்டாமல் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போ. நகல் கைக்கு வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அப்பா